செண்பகத்துக்குப் பேர் வாங்கிய கதை

தன் மனைவி செண்பகத்துக்கு அந்தப் பேர் வந்த கதையைத் துரைக்கண்ணு கல்யாணம் ஆன நாளிலிருந்தே நம்பவில்லை. சொன்னவர் மாமனார் வேலாண்டி. சந்தேகப்பட அது ஒன்றே போதும். ஆனாலும் வருஷம் போகப் போக, கோளாறு கதையில் இருக்கிறதா, கேட்ட தன்னிடத்தில் இருக்கிறதா என்றே அவருக்குத் தெரியாமல் போயிற்று.

மாமனார் சொன்னது இதுதான்.

குழந்தையைத் தொட்டிலில் போடும் நாள். ஜோசியர், "நல்ல பூவாப் பார்த்து அதோட பேரை எடுத்துப் பிள்ளைக்கு வையுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வேலாண்டியின் பெண்டாட்டி ராக்காயி கறாரான பேர்வழி.

"பொழுது சாயறதுக்குள்ள பேரு வரலேன்னா, பிள்ளையத் தூக்கிக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன்."

வேலாண்டி தம்பி மாடக்கண்ணுவையும் சகலை சீனியப்பனையும் கூட்டிக்கொண்டு குளத்தங்கரைச் செண்பக மரத்துக்கு ஓடினார். அங்கேதான் சிக்கல்.

"அண்ணே, பேரை நாம எடுத்துட்டா பூவுக்கு என்ன இருக்கும்?" என்றான் மாடக்கண்ணு.

"ஒண்ணும் இருக்காது."

"கேக்காம எடுத்தா அது களவு. நாளைக்குப் பிள்ளையைத்தான் ஊரு பேசும்" என்றார் சகலை.

கேட்டு வாங்குவது என்று முடிவாயிற்று. பேர் வைக்கும்போது அத்தைக்காரி குழந்தையின் காதில் சொல்வாள் அல்லவா? அதே முறைப்படி பூவும் நம் காதில்தான் சொல்லும் என்று மாடக்கண்ணு கிளையேறி ஒரு பூவில் காதை வைத்தான். உள்ளே இருந்த கட்டெறும்பு கடித்தது.

"ஐயோ" என்றான்.

"அதைப் பூ சொல்லுச்சா, நீ சொன்னியா?" என்றார் வேலாண்டி.

"நான்தான் சொன்னேன். சொல்ல வச்சது பூ."

பிள்ளைக்கு 'ஐயோ' என்று பேர் வைக்க வேலாண்டிக்கு மனசு வரவில்லை. வெயில் வேறு இறங்கிக்கொண்டிருந்தது.

"சும்மா கேட்டா யாரு குடுப்பா? என் பேரை நீ வச்சுக்க. உன் பேரை என் மகளுக்குக் குடு" என்று மரத்தைக் கும்பிட்டார். ஒரு பூ உதிர்ந்தது. காரியம் முடிந்தது.

வீட்டுக் கதவைத் தட்டினால், "யாரது?" என்றாள் ராக்காயி. சொல்லப் பேர் இல்லாமல் வேலாண்டி வெளியிலேயே நின்றார். கடைசியில் அவர் இருமினார். இருமலை அடையாளம் கண்டு அவள் கதவைத் திறந்தாள். பிள்ளை வீட்டிலேயே தங்கிற்று.

புருஷன் பேர் போனதில் ராக்காயிக்கு நஷ்டமில்லை. அவள் என்றைக்கு அதைச் சொன்னாள்? கஷ்டமெல்லாம் பூக்காரியிடம்தான். புருஷன் பேர் கொண்ட பூவை எந்த வாயால் கேட்பது? "எங்க வீட்டுக்காரர்ல நாலு குடு" என்பாளாம்.

"சரி மாமா, செண்பகம்னா என்ன அர்த்தம்?" என்று துரைக்கண்ணு ஒரு தடவை மடக்கிப் பார்த்தார்.

"அர்த்தம் மரத்துக்கிட்ட இருக்கு மாப்ளே. அன்னிக்குப் பேரை மட்டுந்தான் வாங்குனோம்."

எப்படி நம்புவது? ஆனால் ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. ஊரில் ஒருவர்கூட மாமனாரை வேலாண்டி என்று கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் அவர் 'செண்பகத்தோட அப்பா'தான்.

துரைக்கண்ணுவின் மகள் செவ்வந்திக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. பத்திரிகை அடிக்கக் கொடுக்கும் முன் அவர் மாமனாரைத் தனியாக அழைத்துப் போய், அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"மாமா, செவ்வந்திக்குப் பேர் வச்சப்ப அந்தச் செடிக்கிட்ட நாங்க ஒரு வார்த்தை கேக்கல. இப்பப் போய் என் பேரைக் குடுத்தா வாங்கிக்குமா?"