கவிழ்க்கச் சொன்ன பாத்திரம்

"அடிகளே, சங்கத்தைக் கூட்டுங்க. உப்பு விக்கிற சேந்தி வீட்டுக்கு எதிரா இன்னிக்கே பாத்திரத்தைக் கவிழ்க்கணும்!"

நாகதத்தர் போட்ட சத்தத்தில் கடற்கரை விகாரையே திரும்பிப் பார்த்தது.

முற்றத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த சுமனர் நிமிர்ந்தார். அவர்தான் நாகதத்தருக்குக் குரு. வயதில் இளையவர், துறவில் மூத்தவர்.

பாத்திரத்தைக் கவிழ்ப்பது சின்ன விஷயமில்லை. துறவிகளின் சங்கம் ஒரு வீட்டுக்கு எதிராக அப்படிச் செய்துவிட்டால், எந்தத் துறவியும் அந்த வாசலில் பிச்சைக்கு நிற்கமாட்டார். ஊரும் அதைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

"என்ன செஞ்சா?"

நாகதத்தர் தன் பாத்திரத்தை நீட்டினார். அதில் விளிம்புவரை அடுப்புச் சாம்பல்.

"தெருவே பார்க்கக் கொட்டினா. என்னை அடிச்சிருந்தாக்கூடப் பொறுத்திருப்பேன். தர்மத்தைச் சொன்ன வாய்க்குச் சாம்பலா?"

அடித்திருந்தால் பொறுத்திருப்பாராம். நாம் நம்ப வேண்டும்.

"என்ன சொன்னீங்க?"

நாகதத்தர் கண்ணை மூடி ஒப்பித்தார்.

"பிறப்பு துன்பம். மூப்பு துன்பம். பிணி துன்பம். சாவு துன்பம். பிரியமானதைப் பிரிவது துன்பம். துன்பத்துக்குக் காரணம் வேட்கை."

ஓர் எழுத்துப் பிசகவில்லை. மனப்பாடத்தில் அவரை அடித்துக்கொள்ள விகாரையில் ஆள் கிடையாது.

"எப்ப சொன்னீங்க?"

"பிச்சைக்குப் போனப்ப. அவ மக செத்துக் கிடந்தா. இதைச் சொல்ல அதைவிடப் பொருத்தமான நேரம் ஏது?"

சுமனர் பெருக்குவதை நிறுத்தினார்.

"உடம்பை எடுத்தாச்சா?"

"யார் எடுப்பா? அம்மை கண்ட உடம்பு. தெருவே கதவைச் சாத்திக்கிச்சு. புருஷனும் இல்ல. பிள்ளையை மடியில போட்டுக்கிட்டு அவ ஒருத்தியே உக்காந்திருக்கா."

இதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சமும் மாறவில்லை. சாம்பலைப் பற்றிப் பேசும்போதுதான் குரல் ஏறியிருந்தது. என்ன மனிதரோ!

சுமனரின் முகம் சிவந்துவிட்டது. துறவிக்குக் கோபம் ஆகாது என்பார்கள். அன்றைக்கு அவருக்கு வந்தது.

"சங்கத்தைக் கூட்டறேன். அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லுங்க. இப்ப உங்களுக்கு எப்படி இருக்கு?"

"எரியுது, அடிகளே. நெஞ்செல்லாம் எரியுது. வழி நெடுக ஜனங்க சிரிச்சாங்க."

"அது துன்பமா?"

"பின்னே? இன்பமா?"

"காரணம்?"

"சேந்தி!"

கேட்டு வாய் மூடுவதற்குள் பதில் வந்துவிட்டது.

சொன்ன பிறகுதான் அது நாகதத்தரின் காதில் விழுந்தது. காரணம் வேட்கை என்று சற்றுமுன் ஒப்பித்த அதே வாய்.

சுமனர் அவரைத் தேற்றவில்லை. நேரே தோட்டக்காரனின் கொட்டகைக்குப் போய் மண்வெட்டியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார்.

நாகதத்தர் பதறிப்போனார். "அடிகளே! துறவி மண்ணை வெட்டக்கூடாது. மண்ணுக்குள்ள உசுரு இருக்கு. விதி இருக்கே!"

"வெட்டிட்டு வந்து சங்கத்து முன்னால நிக்கறேன். நீங்களே விசாரிங்க."

சுமனர் வாசலைத் தாண்டினார். நாகதத்தர் சாம்பல் பாத்திரத்தைக் கீழே வைத்தார். பிறகு ஓட்டமும் நடையுமாகப் பின்னால் போனார்.

தெருவில் ஒரு கதவும் திறந்திருக்கவில்லை. சேந்தி மகளின் முகத்தில் உட்கார்ந்த ஈயை முந்தானையால் விரட்டிக்கொண்டிருந்தாள். நாகதத்தரைக் கண்டதும் அவள் கண்கள் எரிந்தன.

"இன்னும் என்ன சாமி சொல்றதுக்கு மிச்சம் வச்சிருக்கீங்க? பெத்தது என் தப்பு, ஆசையா வளர்த்தது என் தப்பு. செத்ததும் என் தப்புதானா?"

நாகதத்தருக்குத் தெரியாத சூத்திரம் இல்லை.

குருவின் தோளிலிருந்து மண்வெட்டியை வாங்கினார்.

"எந்த இடத்துல வெட்டட்டும், அம்மா?"