சர்வேயர் கட்டிய கோழிக்கூடு

ஆவணி கடைசி வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, அந்த மாதத்தில் மூன்றாவது தடவையாக, ஓய்வுபெற்ற சர்வேயர் தில்லைநாயகம் அதே கேள்வியைக் கேட்டார்.

"கோழிக்கூடு வாங்கிரட்டுமா அம்மா, இல்ல நானே கட்டட்டுமா?"

பூரணியம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். குருவுக்கு வயது நாற்பத்தைந்து. சீடருக்கு அறுபத்து மூன்று. ஆய்க்குடிக்கு வெளியே குளத்தங்கரையில் இருந்த இரண்டு அறை ஓட்டு வீடுதான் அம்மாளின் ஆசிரமம். தியானம் கற்க வருகிறவர்களின் கையில் முதலில் கீரைக்கட்டைக் கொடுத்துவிடுவார்.

பக்கத்தில் காம்பு கிள்ளிக்கொண்டிருந்த தையல்கடை மிக்கேல் தலையைத் தூக்கினார்.

"வே, ஊரெல்லாம் ஆத்மாவைப் பத்திக் கேக்குது. நீரு கோழியைப் பத்திக் கேக்கீரு."

"உமக்கு என்ன வே தெரியும்?"

மிக்கேலுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். தில்லைநாயகத்தின் மனைவி மரகதம் வீட்டின் பின்பக்கம் கோழி வளர்த்தார். இரண்டு வருடங்களுக்கு முன் அண்ணன் மகள் கல்யாணத்துக்காக அவர் சங்கரன்கோவில் போயிருந்தபோது, தில்லைநாயகம் மண்கூட்டை இடித்து, கோழிகளைக் கறிக்கடைக்குக் கொடுத்துவிட்டு, பின்பக்கம் முழுக்க சிமென்ட் பூசினார். எச்சம் இல்லாத சுத்தமான தரை. திரும்பி வந்த மரகதம் அந்தத் தரையைப் பார்த்தார். சத்தம் போடவில்லை. கொண்டுவந்த பையைக் கீழே வைக்காமலே அண்ணன் வீட்டுக்குத் திரும்பிப் போனார்.

தில்லைநாயகம் அவரைப் போய்க் கூப்பிடவில்லை. வருவாள் என்றிருந்தார். இரண்டு வருடங்களாக, வாசலில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் டி.வி. சத்தத்தைக் குறைத்தார்.

"வாங்கினா எப்படி?" என்று கேட்டார் அம்மாள்.

"தென்காசி ரோட்டுல ரெடிமேடா இருக்கு. கம்பி வலை, பச்சைப் பெயின்ட், அடியில சக்கரம். இன்னைக்குச் சொன்னா இன்னைக்கே லோடு ஆட்டோவுல வந்துரும். போட்டோ எடுத்து அவ அண்ணனுக்கு அனுப்பிருவேன்."

"கட்டினா?"

"நாளாகும். ஆனா நான் என் கையால கட்டினேன்னு அவளுக்குத் தெரியும்."

"ரெண்டு வருஷம் ஆகியிருக்கு அண்ணாச்சி. இன்னும் கொஞ்ச நாள் ஆனா என்ன? கட்டுங்க."

தில்லைநாயகம் கட்டினார். கடப்பாரையால் சிமென்ட்டைக் கொத்தி எடுத்தார். உள்ளங்கை கொப்பளித்தது. கொத்திய இடத்தில் மறுநாளே எறும்புகள் வந்துவிட்டன. அவற்றைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் குந்தியிருந்தார். அப்புறம் டேப் பிடித்து, ரசமட்டம் வைத்து, மூலைக்கு மூலை கயிறு கட்டி, செங்கல் அடுக்கினார். உள்ளே கோழிகள் ஏறி உட்கார மூங்கில் கழி, மேலே நாட்டு ஓடு. ஊரில் பல வீடுகளுக்கு அப்படி நேர்க்கோட்டுச் சுவர் கிடையாது.

சந்தையில் ஐந்து நாட்டுக்கோழி வாங்கினார். இடம் பழகட்டும் என்று ஒரு வாரம் பகலில் பஞ்சாரக் கூடையால் மூடி வைத்தார். இரவில் ஒவ்வொன்றாகப் பிடித்துக் கூட்டுக்குள் விட்டார். எட்டாம் நாள் கூடையை எடுத்தார். அந்தி சாய்ந்தது. கோழிகள் கூட்டைச் சுற்றி வந்தன, வாசலில் கழுத்தை நீட்டிப் பார்த்தன, மதில்மேல் ஏறி அங்கேயே அடைந்தன.

"பா, பா, பா" என்று கூப்பிட்டார். மரகதம் கூப்பிடுகிறபோது அதில் ஒரு இழுப்பு இருக்கும். அது அவருக்கு வரவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டார். எதிர்வீட்டு ஜன்னல் திறந்ததும் நிறுத்திக்கொண்டார்.

மூன்று நாள் இதே கதை. நான்காம் நாள் ஆசிரமத்துக்குப் போனார்.

"வாங்கியிருக்கணும் அம்மா. நீங்க கட்டச் சொன்னீங்க. ஒரு கோழிகூட உள்ளே போகமாட்டேங்குது."

மிக்கேல் சிரித்தார். "கோழிக்கும் உம்ம குணம் தெரிஞ்சிருக்கு வே."

அம்மாள் சிரிக்கவில்லை. சாயங்காலம் தில்லைநாயகத்தின் வீட்டுக்கு வந்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கூட்டின் முன்னால் மண்டியிட்டு, தலையை உள்ளே விட்டார். வெளியே எடுத்தார்.

"நீங்க பாருங்க அண்ணாச்சி."

தில்லைநாயகம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து தலையை விட்டார். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. உள்ளே மூங்கில் கழிகூடத் தெரியவில்லை.

"என்ன தெரியுது?"

"இருட்டா இருக்கு."

"கோழிக்கு இருட்டுல கண்ணு தெரியாது. தெரியாத இடத்துக்குள்ள அது எப்படிப் போகும்? வாசல் எந்தப் பக்கம் வச்சீங்க?"

"கிழக்க. வாஸ்துப்படி."

"அடையுற நேரத்துல வெளிச்சம் எங்க இருக்கு?"

தில்லைநாயகம் எழுந்து நின்று மேற்கே பார்த்தார். மலைக்கு மேலே வானம் சிவந்து கிடந்தது.

"மேற்க பார்த்துத்தான் மரகதம் வச்சிருந்தா" என்றார். "மேற்கு வாசல் ஆகாதுன்னு நான் ஏசிக்கிட்டே இருப்பேன். அவ பதில் சொல்லமாட்டா. பேசாம கோழிகளை அடைப்பா."

அம்மாள் கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

"நாளைக்கே பிரிச்சு வாசலை மாத்திருதேன் அம்மா. மாத்திட்டு போட்டோ அனுப்புதேன். பார்த்தா வந்துருவாள்லா?"

அம்மாள் மதில்மேல் இருந்த கோழிகளைப் பார்த்தார்.

"அங்க அவங்க கோழி வளர்க்காங்களா?"

"ஏழெட்டு வச்சிருக்கான்னு அவ அண்ணன் சொன்னாரு."

"அதெல்லாம் எங்க அடையுது?"

"வேப்பமரத்துல. கூடு கிடையாது. போன வாரம் மரநாய் ரெண்டைத் தூக்கிட்டுப் போயிருச்சாம். அவ ராத்திரியெல்லாம் டார்ச் லைட்டோட மரத்தடியிலயே உட்கார்ந்திருக்காளாம்."

"இது உங்களுக்கு எப்போ தெரியும்?"

"போன வாரமே."

மதில்மேல் கோழிகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தன. அம்மாள் புறப்பட எழுந்தார்.

"அப்போ கூடு இல்லாத வீடு எது அண்ணாச்சி?"

தில்லைநாயகம் டேப்பையும் ரசமட்டத்தையும் எடுத்துப் பைக்குள் வைத்தார்.

ஐப்பசி இருபத்திரண்டாம் தேதி, புதன்கிழமை, சங்கரன்கோவிலில் மரகதத்தின் அண்ணன் வீட்டுக்குப் பின்னால் கோழிக்கூடு கட்டி முடிந்தது. தில்லைநாயகம் அன்று ஊர் திரும்பவில்லை.