ரத்தக் கறைக்கு வெந்நீர் ஆகாது

வாய்க்கால் கரையில், மோட்டாரைக் கழற்றி எடுத்துவிட்ட பழைய பம்பு செட் அறையில் ஒரு சாமி இருந்தார். காவி கட்டமாட்டார். கோமளவல்லியைவிட வயதிலும் சின்னவர். ஆனாலும் அவள் அவரைத்தான் குருவாக வரித்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை காலையில் வந்து, தரையைப் புடவைத் தலைப்பால் தட்டிவிட்டு உட்கார்ந்து, ஒரு கேள்வி கேட்பாள். சாமி பதில் சொல்வதும் உண்டு, சொல்லாமல் விடுவதும் உண்டு.

அந்த வெள்ளிக்கிழமை அவள் கேட்டாள்.

"சாமி, வீட்டைக் கண்ணாடி மாதிரி வெச்சிருக்கேன். மனசு மட்டும் சுத்தமாகவே மாட்டேங்குது. என்ன பண்றது?"

"வீட்டை எப்படிச் சுத்தம் பண்றீங்க?"

இது போதாதா அவளுக்கு! கோமளவல்லி வீட்டுக்குப் போகிறவர்கள் உட்காருவதற்கு முன்னால் தங்கள் பின்பக்கத்தை ஒருமுறை தட்டிக்கொள்வார்கள் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. அது பொய்யில்லை.

"முன்னறையில வெல்வெட் திவான் போட்டிருக்கோம் சாமி. அதுல தண்ணியே படக் கூடாது. மெத்துனு ஒரு பிரஷ் வெச்சு ஒரே பக்கமா நீவிவிடணும். எதிர்ப்பக்கம் நீவினா நாரெல்லாம் நட்டுக்கிட்டு நிக்கும்."

"சரி."

"சாப்பாட்டு மேஜை நாற்காலிக்கெல்லாம் ரெக்சின். சோப்புத் தண்ணி போதும். என் பையன் கதிரேசன் உட்கார்ற சாய்வு நாற்காலி அசல் தோலு. ஈரத்துணியால துடைச்சு, அடுத்த நிமிஷமே காஞ்ச துணியால துடைச்சிடணும். அதுல ஒரு கறை படாது சாமி. வேற யாரையும் அவன் அதுல உட்கார விடமாட்டான்."

"அப்புறம்?"

"ஹால்ல துணி சோபா. மருமக தேன்மொழி வீட்டுச் சீர். அதுதான் என் உயிரை வாங்குது. வெளிர் நிறம் பாருங்க. எண்ணெய் பட்டா கடலை மாவைத் தூவி வெச்சு, அது எண்ணெயைக் குடிச்சதும் தட்டிடலாம். வாடைக்குச் சமையல் சோடா. ரத்தத்துக்குப் பச்சைத்தண்ணி, அதுல ஒரு சிட்டிகை உப்பு. தேய்க்கவே கூடாது. தேய்ச்சா உள்ளே பஞ்சுக்கு இறங்கிடும். ஒத்தி ஒத்தித்தான் எடுக்கணும்."

சாமி அதுவரை நல்ல மாணவனைப் போலத் தலையாட்டிக்கொண்டிருந்தவர், ஆட்டுவதை நிறுத்தினார்.

"ரத்தத்துக்கா?"

கோமளவல்லி தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"மருமகளுக்கு அடிக்கடி மூக்குல ரத்தம் வரும் சாமி. சூட்டு உடம்பு."

சூட்டு உடம்பாவது ஒன்றாவது. கதிரேசனுக்குக் கோபம் வந்தால் கண் மண் தெரியாது. கடையில் வாடிக்கையாளரிடம் குரல் உயர்த்திப் பேசாதவன், வீட்டுக்கு வந்தால் கையால்தான் பேசுவான். தெருவுக்கே தெரியும். ஒருமுறை தேன்மொழியின் அம்மா வந்து மகளின் வீங்கிய கண்ணைப் பார்த்துவிட்டு வாயைத் திறக்கப் போனாள். கோமளவல்லி முந்திக்கொண்டாள். "ஒண்ணுமில்ல சம்பந்தி, சூட்டு உடம்பு. கட்டி கிளம்பியிருக்கு." அந்த அம்மா காப்பியைப் பாதி குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டாள்.

"ரத்தத்துக்கு வெந்நீர் ஊத்தினா?" என்றார் சாமி.

"ஐயையோ! கறை அப்படியே பிடிச்சுக்கும். அப்புறம் தலைகீழா நின்னாலும் போகாது."

"இதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தா?"

"பாதி டிவியில பார்த்தது. இந்த ரத்தத்துக்கு மட்டும் என் மாமியார் சொல்லிக் கொடுத்தது. எங்க காலத்துல சோபா ஏது சாமி? பாயும் தலையணை உறையும்தான்."

சொல்லிவிட்டு அவள் வாய்க்கால் பக்கம் பார்த்தாள். செத்துப்போன புருஷனைப் பற்றி அவள் யாரிடமும் குறை சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை.

"என் கேள்விக்கு நீங்க பதில் சொல்லலையே சாமி."

"நீங்க இன்னும் கேட்டு முடிக்கலையேம்மா."

"திருநீறாவது கொடுங்க. மருமக நெத்தியில வெச்சுவிடறேன். ரத்தம் வர்றது நிக்கட்டும்."

"மருமக நெத்தியிலயா?" என்று கேட்டார் சாமி.

அவள் எழுந்து வந்துவிட்டாள். வரும் வழியெல்லாம் இந்தச் சாமிக்கு ஒன்றும் தெரியாது என்று மனதுக்குள் வைதுகொண்டே வந்தாள். வைதும் ஆறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சோபா திண்டுகளையெல்லாம் தூக்கி உதறினாள். இடுக்கில் கிடந்த டிவி ரிமோட்டை எடுத்து ஷோகேஸ் மேல் வைத்தாள். அதோடு அதை மறந்தும் போனாள்.

மதியம் அவள் அடுக்களையில் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோது ஹாலில் கதிரேசனின் குரல் கேட்டது.

"ரிமோட் எங்கடி?"

"தெரியலைங்களே. இங்கதான் இருந்துச்சு."

"இங்கதான் இருந்துச்சுன்னா எங்க?"

'நான்தான்பா எடுத்து வெச்சேன்.' நாலு வார்த்தைகூட இல்லை. கோமளவல்லியின் நாக்கு நுனிவரை வந்தது. அவள் அதை முழுங்கிவிட்டு, கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றாள். பெற்ற தாய்க்கு மகனிடம் என்ன பயம் என்று கேட்பவர்கள் அந்த வீட்டில் ஒரு நாள் இருந்து பார்க்க வேண்டும். அவளுக்குப் பயம்தான். அந்தக் குரல் அவள் புருஷனின் குரல்.

மரத்தில் ஏதோ மோதும் சத்தம் கேட்டது. பிறகு பைக் கிளம்பும் சத்தம்.

அவள் வந்து பார்த்தபோது சோபாவின் மரக்கைப்பிடியில் இடித்துத் தேன்மொழியின் புருவம் பிளந்திருந்தது. வெளிர்த் துணியில் கையகலத்துக்கு ரத்தம். அதற்குமேல் சோபாவில் படக் கூடாது என்று அந்தப் பெண் தானாகவே கீழே தரையில் இறங்கி உட்கார்ந்திருந்தாள்.

கோமளவல்லி ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றி அவளிடம் கொடுத்தாள். பிறகு எவர்சில்வர் சொம்பில் பச்சைத்தண்ணீர் மொண்டு, உப்புப் போட்டு, சோபா முன்னால் மண்டியிட்டாள். துணியை நனைத்துப் பிழிந்து கறையில் ஒற்றினாள். எடுத்தாள். மறுபடி ஒற்றினாள்.

ஃபோன் அடித்தது. வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள் மஞ்சரி.

"கை ஈரமா இருக்கு. ஸ்பீக்கர்ல போடும்மா" என்றாள் கோமளவல்லி. தேன்மொழி ஒரு கையால் துண்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அழுத்தினாள்.

"அம்மா, சாப்டாச்சா?"

"இனிமேதான். நீ?"

"ம். அம்மா, ஒண்ணு கேக்கணும். நீங்க சீருக்கு எடுத்துக் கொடுத்த சோபா இருக்குல்ல... அதுல ரத்தக் கறை பட்டுடுச்சு. எதுல போகும்?"

"யாருக்கு என்னடி ஆச்சு?"

அந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளி இன்னொரு பெண்குரல், வயதான குரல், மெதுவாக எடுத்துக் கொடுத்தது. "சூட்டு உடம்புன்னு சொல்லு."

"ஒண்ணுமில்லம்மா" என்றாள் மஞ்சரி. "எனக்குத்தான் சூட்டு உடம்பாச்சே. மூக்குல கொஞ்சம் ரத்தம் வந்துடுச்சு."

தான் பெற்று வளர்த்த உடம்பு. அதில் என்ன சூடு, என்ன குளிர்ச்சி என்று கோமளவல்லிக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து மஞ்சரிக்கு மூக்கில் ஒரு சொட்டு ரத்தம் வந்ததில்லை.

நனைத்த துணியிலிருந்து தண்ணீர் முழங்கை வழியாக வழிந்துகொண்டிருந்தது.

"அம்மா? லைன்ல இருக்கியா? அத்தை வெந்நீர் போட்டிருக்காங்க, ஊத்தட்டுமா?"

தேன்மொழி தரையில் நகர்ந்து ஃபோனுக்குப் பக்கத்தில் வந்தாள்.

"வெந்நீர் வேண்டாம் மஞ்சரி. பச்சைத்தண்ணி எடுத்துக்கோ. கொஞ்சம் உப்புப் போட்டுக்கோ."

"அண்ணியா?"

"ஆமா. தேய்க்காதே, உள்ளே இறங்கிடும். ஒத்தி ஒத்தி எடு. போயிடும்."

"சரி அண்ணி" என்றாள் மஞ்சரி. அவள் அழுகிறாளா என்று தெரியவில்லை. ஃபோன் நின்றுவிட்டது.

தேன்மொழியின் குரலில் குத்தல் இல்லை. குழம்புக்குப் பக்குவம் சொல்வது போலத்தான் சொன்னாள். குத்திக் காட்டியிருந்தால் கோமளவல்லி தாங்கியிருப்பாள்.

அவள் எழுந்தாள். செருப்புப் போட்டாளா, கதவைச் சாத்தினாளா, ஒன்றும் நினைவில்லை. உச்சி வெயிலில் வாய்க்கால் கரைக்கு நடந்தாள்.

சாமி மூன்று கல் அடுப்பில் அரிசிக்கு உலை வைத்திருந்தார். தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. வந்தவளின் வெறுங்காலைப் பார்த்தார். பிறகு அவள் கையைப் பார்த்தார். அப்போதுதான் அவளும் பார்த்தாள். சொம்பைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். அதில் இளஞ்சிவப்பாய்க் கொஞ்சம் தண்ணீர் மிச்சமிருந்தது.

"சாமி, என் பொண்ணை அடிக்கிறாங்க."

சாமி அடுப்பு விறகை உள்ளே தள்ளினார்.

"சோபாவுல ரத்தம் பட்டிருக்கு, எப்படி எடுக்கிறதுன்னு என்னைக் கேக்கறா. பின்னாடி நின்னு அவ மாமியாக்காரி எடுத்துக் கொடுக்கறா சாமி. சூட்டு உடம்பாம்! பாவி, வாய் கூசாம சொல்லச் சொல்றா. அவளும் ஒரு பொம்பளையா?"

கேட்டு முடித்த பிறகுதான் அந்தக் கேள்வி அவள் காதில் விழுந்தது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். இந்தத் தடவை தரையைத் தட்டவில்லை.

சாமி எழுந்து அவள் பக்கத்தில் வந்தார்.

"உங்க வீட்டுச் சோபாவுல கறை போயிடுச்சாம்மா?" என்று கேட்டார் சாமி.

"பாதி போயிருக்கு."

"பாதி இருக்குல்ல?"

"இருக்கு."

சாமி அவள் கையிலிருந்த சொம்பை வாங்கினார். மிச்சமிருந்ததை வேலியோரம் கொட்டினார். அடுப்பில் கொதித்த உலைநீரை அதில் மொண்டு ஊற்றினார். சொம்பு சுடாமல் இருக்கத் தன் தோள் துண்டைச் சுற்றி அவளிடம் நீட்டினார்.

அவள் வாங்காமல் பார்த்தாள்.

"சாமி, இதை ஊத்தினா கறை அங்கேயே நின்னுடுமே."

"நிக்கும்."

"சம்பந்தி அம்மா வந்தா பார்ப்பாங்க. தெருவே பார்க்கும். என் பையன் தினம் அதுக்கு எதிர்லதான் உட்காரணும்."

"ஆமா."

"அவன் என்னை அடிச்சா?"

"அடிக்கலாம்" என்றார் சாமி.

அவள் இரண்டு கைகளாலும் சொம்பை வாங்கிக்கொண்டாள். துண்டையும் மீறிச் சூடு உள்ளங்கையில் ஏறியது. விடவில்லை.

"மஞ்சரிக்கு நான் என்ன சொல்றது சாமி?"

"முதல்ல இதை ஊத்திட்டு அவளுக்கு ஃபோன் பண்ணுங்க" என்றார் சாமி. "ஆறிடப் போகுது, போங்கம்மா."