சமவெளியில் நடந்தவள்

குருவுக்கு முப்பத்தாறு வயது, சீடருக்கு அறுபத்தெட்டு. நிலாவுக்கு முன்னால் நின்ற பிறகு யார் பெரியவர் என்று பார்ப்பதில் அர்த்தமில்லை என்று இருவரும் விட்டுவிட்டார்கள்.

ஜெசிந்தா பள்ளியில் அறிவியல் டீச்சர். வீட்டுக் கொல்லையில் துணிக்கொடிக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தொலைநோக்கி வைத்திருந்தார். முழு நிலாவைப் பார்க்க வருகிறவர்களை அவருக்கு அவ்வளவாகப் பிடிக்காது. "அது பவுடர் பூசின முகம், ஒண்ணும் தெரியாது" என்பார். அரை நிலாவில்தான் மலைகளின் நிழல் நீளமாக விழும், பள்ளங்கள் கறுத்துக் கிடக்கும்.

அன்று அரை நிலா. வெயில் இன்னும் முழுதாகப் போகவில்லை. சீடர் அருணகிரி தொலைநோக்கியை விட்டு நகரவே இல்லை.

"டீச்சர், ஒண்ணு கேட்கணும்."

"கேளுங்க ஐயா."

"அங்க ஒருத்தி நடக்குறா."

ஜெசிந்தா சிரிக்கவில்லை. "எங்க?"

"பெரிய பள்ளத்துக்குப் பக்கத்துல, சமவெளியில. மெலிசா, கொஞ்சம் கூன் போட்டு. நேரா பார்த்தா நழுவிடுறா. போட்டோவுக்குக் கூப்பிட்டா மரகதமும் இப்படித்தான் ஓடிடுவா."

மரகதம் அவர் மனைவி. ஆடி மாதம் இறந்துபோனாள். போனவர்கள் சந்திர லோகத்தில் இருப்பார்கள் என்று காரியம் செய்துவைத்தவர் சொன்னது அவர் மனதில் தங்கிவிட்டது.

"தினமும் வர்றாளா?"

"நான் பார்க்கிற நாளெல்லாம் வர்றா. மக உமையாளுக்கு ஒன்பதாம் மாசம். அம்மாதான் இல்ல, நீங்களாவது வாங்கப்பான்னு போன்ல அழுறா. நான் எப்படிப் போவேன், சொல்லுங்க. இவளை யாரு பார்ப்பா?"

ஜெசிந்தா குனிந்து பார்த்தார். மலைகள் இருந்தன. பள்ளங்கள் இருந்தன. சாம்பல் நிறச் சமவெளியில் ஒருவரும் இல்லை. ஆனாலும் அருணகிரி பொய் சொல்கிற ஆள் இல்லை.

ஜெசிந்தா தொலைநோக்கியைக் கிழக்கே திருப்பினார். தெருக்கோடியில் தண்ணீர்த் தொட்டி. அதன் சுண்ணாம்புச் சுவரில் மாலை வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

"இப்ப பாருங்க."

அருணகிரி குனிந்தார். அவர் கை துணிக்கொடியைத் தேடிப் பிடித்துக்கொண்டது. காற்றே இல்லை, கொடி மட்டும் ஆடியது.

"டீச்சர்."

"சொல்லுங்க."

"தொட்டிச் சுவத்துல நடக்குறா."

"மெலிசா?"

"மெலிசா. கூன் போட்டு." அவர் குரல் இறங்கிவிட்டது. "இங்க எப்ப வந்தா?"

"வரல. வயசானா கண்ணுக்குள்ள நூல் மாதிரி ஏதாவது மிதக்கும். இந்தக் குழாய்ல பார்த்தா அதோட நிழல் நல்லாத் தெரியும். அதுதான் நடக்குது."

அருணகிரி நிமிர்ந்தார். பயமா ஏமாற்றமா என்று அவருக்கே தெரியவில்லை. நிலாவைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். பிறகு தன் கண்ணை மெதுவாகத் தொட்டுப் பார்த்தார், உள்ளே இருப்பவளுக்கு வலித்துவிடக் கூடாது என்பதுபோல.

"அப்ப நான் இந்த ஊரை விட்டுப் போயிட்டா?"

ஜெசிந்தா தொலைநோக்கிக்கு மூடி போட்டார்.

"உமையாள் வீட்டுல வெள்ளைச் சுவர் இருக்கா, ஐயா?"