சத்தமில்லாத ஸ்டார்ட்டர்

“ஒரு தடவை அழுத்தினா போதும்னு பெட்டி மேலயே எழுதி ஒட்டியிருக்கேனுங்க டீச்சர். ஜனங்க மூணு தடவை, நாலு தடவை அழுத்தறாங்க” என்றார் கோபண்ணன்.

மெஹருன்னிசா டீச்சர் பெட்டியை வாங்கி மேசைமேல் வைத்தார்.

கோபண்ணனுக்கு ஐம்பத்தெட்டு வயது. டீச்சர் அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆவாரம்பாளையத்தில் டீச்சருக்கு ஒரு சோதனைக்கூடம் இருந்தது. மோட்டாரோ ஸ்விட்சோ புதிதாகச் செய்து பார்க்கிறவர்கள் அங்கே பாடம் கேட்க வருவார்கள். பாடத்தில் பேச்சு கம்மி.

முப்பது வருஷம் பஞ்சாலையில் எலெக்ட்ரீஷியனாக இருந்தவர் கோபண்ணன். இரைச்சலிலேயே காது பாதி போய்விட்டது. வேலையை விட்ட பிறகு நாலு வருஷம் அந்தக் கூடத்தில் கிடையாய்க் கிடந்து, போர்வெல் மோட்டாருக்கு ஒரு ஸ்டார்ட்டர் பெட்டி கண்டுபிடித்தார்.

பழைய பெட்டியில் பட்டனை அழுத்தினால் உள்ளே இரும்பும் இரும்பும் ‘டமார்’ என்று மோதும். பொறி பறக்கும். மோத மோதத் தேயும். இவருடைய பெட்டியில் மோதுவதற்கு ஒன்றுமே கிடையாது. ஒரே பட்டன். அழுத்தினால் மோட்டார் ஓடும். மறுபடி அழுத்தினால் நிற்கும்.

துளி சத்தம் வராது. அதுதான் அவருக்குப் பெருமை.

அறுபது பெட்டிகள் அன்னூர்ப் பக்கத் தோட்டங்களுக்குப் போயிருந்தன. ஒரே மாசத்தில் ஒன்பது மோட்டார்கள் கருகிவிட்டன.

“ஓட்டி நிறுத்தி, ஓட்டி நிறுத்தின்னு அழுத்திக்கிட்டே இருந்தா மோட்டாருக்குள்ள சுத்தியிருக்கற காயில் தாங்குமுங்களா? பெட்டியில குத்தமில்லீங்க டீச்சர். அழுத்தற கையிலதான் குத்தம்.”

டீச்சர் பெட்டியை ஒரு மோட்டாரோடு இணைத்து, அன்று பகல் முழுக்க ஓட்டிப் பார்த்தார். சாயங்காலம் மீட்டரைக் கழற்றிவைத்தார்.

“பெட்டியில குத்தமில்லதாண்ணா.”

“நாந்தான் சொன்னேனுங்களே!”

“அழுத்தினவங்களப் பாத்தீங்களா?”

“அவங்களை எதுக்குங்க பாக்கறது?”

“போய்ப் பாத்துட்டு வாங்க.”

மறுநாள் கோபண்ணன் அன்னூருக்கு பஸ் ஏறினார்.

நஞ்சம்மாளுக்கு நாலு ஏக்கர் வாழை. அவளுடைய மோட்டாரும் கருகியதுதான். எழுநூறு அடி ஆழத்தில் கிடந்ததை மேலே தூக்கி, புதுக் காயில் கட்டி, திரும்ப இறக்க எட்டு நாள் ஆகியிருந்தது. அந்த எட்டு நாளில் இலைகளெல்லாம் ஓரம் காய்ந்துபோயிருந்தன.

“இன்னொருக்கா கருகுச்சுன்னா, வாழையை வெட்டிப் போட வேண்டியதுதானுங்க” என்றாள்.

பத்து மணிக்கு, மோட்டார் ஓட்டுவதற்கான த்ரீ பேஸ் கரண்ட் வந்தது. மோட்டார் ரூமுக்கு வெளியே சுவரில் மாட்டியிருந்த பெட்டியிடம் போய் நஞ்சம்மாள் பட்டனை அழுத்தினாள்.

நின்றாள்.

பெட்டி பக்கமாகத் தலையைச் சாய்த்தாள். தோட்டத்தின் அந்தக் கோடியில் இருந்த தொட்டியைப் பார்த்தாள். தண்ணீர் அங்கே போய் விழ இரண்டு நிமிஷமாவது ஆகும். ஆழத்தில் ஓடும் மோட்டாரின் சத்தமும் மேலே வராது.

மறுபடி அழுத்தினாள்.

“அம்மணி! அம்மணி! ஒரு தடவைதானுங்க. எழுதியிருக்குதல்லங்க?”

“படிச்சேனுங்க.”

“அப்புறம் ஏனுங்க அழுத்தறீங்க?”

“தெரியலீங்க. கை கேக்க மாட்டேங்குது.”

“ஓடறப்போ பச்சை விளக்கு எரியுதுங்களே, அதைப் பாக்கலாமல்லங்க?”

நஞ்சம்மாள் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பெட்டியை உற்றுப் பார்த்தாள். “இந்த வெய்யில்ல எரியறது என்னத்தத் தெரியுது?”

சொல்லிக்கொண்டே இன்னொரு தடவை அழுத்தினாள்.

கோபண்ணனுக்கு வந்த கோபத்துக்கு, அவள் கொடுத்த மோரைக்கூடக் குடிக்கவில்லை.

மத்தியானம் கூடத்துக்கு வந்து சேர்ந்தபோது டீச்சர் மட்டும் இருந்தார். ஒரு வயரின் தோலை உரித்துக்கொண்டிருந்தார்.

“பாத்துட்டேனுங்க டீச்சர். படிச்ச பொம்பளைதான். தெரிஞ்சே அழுத்துது. பேசாம, உடனே ரெண்டாவது தடவை அழுத்தினா பெட்டி எடுத்துக்காத மாதிரி பண்ணிப்போடட்டுங்களா?”

“யாருக்காவது ஷாக் அடிச்சு, உடனே நிறுத்தணும்னா?”

அதைக் கோபண்ணன் யோசித்திருக்கவில்லை.

ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“அப்படின்னா என் பெட்டியில என்னங்க டீச்சர் குறை?”

டீச்சர் அவரை நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. முகத்தில் ஓர் அசைவும் இல்லை. கை மட்டும் வயரை உரித்துக்கொண்டிருந்தது.

கோபண்ணன் காத்திருந்தார். சுவர்க் கடிகாரம் ஓடியது.

“டீச்சர், என் பெட்டியில என்ன குறைன்னு கேட்டேனுங்க.”

டீச்சர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கோபண்ணன் ஸ்டூலை முன்னே நகர்த்தினார். மேசையை விரலால் தட்டினார்.

“டீச்சர்! என்ன குறைன்னு கேக்கறேனுங்க. காதுல விழுந்துச்சுங்களா இல்லீங்களா?”

“முதல் தடவையே விழுந்துச்சுங்கண்ணா” என்றார் டீச்சர்.

மேசையில் தட்டிய கோபண்ணனின் விரல் அப்படியே நின்றது. அந்த விரலைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார்.

பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். டீச்சரும் சிரித்தார்.

“நானும் மூணு தடவை கேட்டுட்டேனுங்களே! அந்த ஸ்க்ரூ டிரைவரை இப்படிக் குடுங்க டீச்சர்.”

பத்து நாள் வேலை நடந்தது. கட்டைவிரல் அளவில் ஒரு காயில், அதன் எதிரே ஓர் இரும்புத் துண்டு. மோட்டாருக்குக் கரண்ட் போனால் மட்டும் அந்தத் துண்டு பாய்ந்து போய்ப் பெட்டியின் தகரத்தைத் தட்டும். முதலில் தட்டியது எலி சுரண்டுவது போல இருந்தது. பெரிய துண்டாகப் போட்டார். அப்போதும் போதவில்லை. தன் பாதிக் காதுக்கு வாசலில் நின்றாலும் கேட்கிற வரை விடவில்லை.

பதினோராம் நாள் நஞ்சம்மாளின் தோட்டத்தில் பெட்டியை மாட்டினார். இந்தத் தடவை மோரை வாங்கி முதலிலேயே குடித்தார்.

கரண்ட் வந்தது. நஞ்சம்மாள் வந்து பட்டனை அழுத்தினாள்.

‘டொக்.’

அவள் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாழைக்குள் நடந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கோபண்ணனுக்குத்தான் மனசு கேட்கவில்லை. தொட்டியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அம்மணி! தண்ணி வருதான்னு பாக்கலீங்களா?”

“அதான் சொல்லிருச்சுங்களே” என்றாள் நஞ்சம்மாள், நடந்துகொண்டே.