ஒட்டியிருந்த தாள்

எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஒரு சுவர். வேதக்கோயிலை ஒட்டிய பக்கம் மேலத்தெருக் கிறிஸ்தவர்களுக்கு, அந்தப் பக்கம் காலனிக் கிறிஸ்தவர்களுக்கு. பரலோகத்தில் எப்படியோ, தெரியாது.

காலனி ஏசுவடியாள்தான் கோயிலைக் கூட்டித் துடைப்பவள். அவள் புருஷன் செத்துப்போனான். சவப்பெட்டி கோயில் வாசலில் இருந்தது.

"முப்பது வருசம் இங்க மணியடிச்ச மனுசன். கோயில் பக்கமே குழி வெட்டச் சொல்லுங்க ஐயா" என்றாள்.

குருவானவர் ஜெபஞானம் பீடத்து வேதாகமத்தின் மேல் கையை வைத்தார். "இது முழுக்கச் சத்தியம். ஒரு எழுத்தை மாத்த முடியாது. இதுல நெகேமியாவே எருசலேமுக்குச் சுவர் கட்டினார். சுவர் கூடாதுன்னு இதுல எங்க இருக்கு? காட்டு, இப்பவே வெட்டச் சொல்றேன்."

"எபேசியர் ரெண்டாம் அதிகாரம் எடுங்க ஐயா. நடுச்சுவரை இயேசு இடிச்சுட்டார்னு இருக்கு."

அவர் புரட்டினார். தாள் பிரியவில்லை. ஓரத்துத் தங்கப்பூச்சு ஒட்டிக்கொண்டு, வாங்கிய அன்றைக்கு இருந்தபடியே இருந்தது. நகத்தால் கீறினார். வாசலில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள்.

"சனிக்கிழமைதோறும் இதைத் தூசி துடைக்கிறவ நான். நெகேமியா தாள் உங்க பெருவிரல் பட்டுக் கறுத்துக் கிடக்கு. முழுக்கச் சத்தியம்னா, நீங்க வந்த பன்னெண்டு வருசமா இந்தத் தாளை ஏன் ஐயா திறக்கலை?"

யாரோ சிரித்துவிட்டார்கள். குருவானவர் புத்தகத்தை மூடினார். "கமிட்டி முடிவு பண்ணும்."

கமிட்டி அங்கேயே கூடி இரண்டு முடிவு எடுத்தது. சவப்பெட்டி சுவருக்கு அந்தப் பக்கம் போனது. வேதாகமத்துக்குப் பூட்டு வைத்த கண்ணாடிப் பெட்டி வந்தது.

ஏசுவடியாள் இனிமேல் கண்ணாடியைத் துடைத்தால் போதுமாம்.