பூவரசந்தாங்கலில் பயணிகள் இல்லை

ஒரு பெரிய நகரத்தின் ஓரத்தில் பூவரசந்தாங்கல் என்றொரு ரயில் நிலையம் இருந்தது. அதன் பிளாட்பாரக் கூரையில் ஓர் ஒலிபெருக்கி தொங்கிக்கொண்டிருந்தது. மின்சார ரயில் வருவதையும் வராததையும் அதுதான் ஊருக்குச் சொல்ல வேண்டும்.

வாரநாட்களில் அதற்கு ஒரு குறையும் இல்லை. ரயில்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும், சொல்லிவிட்டு ஓய்ந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை வந்தால்தான் வயிற்றெரிச்சல். ஆபீசுகளுக்கு விடுமுறை என்பதால் பாதி ரயில்களுக்கும் விடுமுறை என்று எவரோ எப்போதோ முடிவு செய்துவிட்டார். கடையில் வேலை செய்கிறவர்களுக்கும் ஆஸ்பத்திரி டூட்டிக்குப் போகிறவர்களுக்கும் ஞாயிறு என்ன, திங்கள் என்ன என்பது அந்த மகானுபாவருக்குத் தோன்றவே இல்லை. மிச்சமிருக்கும் ரயில்களிலும் ஒன்றிரண்டைத் தண்டவாள வேலை என்று வழியில் நிறுத்திவைப்பார்கள். ஒலிபெருக்கி பொழுதெல்லாம் "வருந்துகிறோம், வருந்துகிறோம்" என்று கத்திக்கொண்டிருக்கும்.

"வருந்தி வருந்தி வாயே கோணிப்போச்சு," என்றது அது, கீழே கிடந்த சிமெண்ட் பெஞ்சிடம். "தப்பு பண்றவன் எங்கயோ ஏசி ரூம்ல உக்காந்திருக்கான். திட்டு வாங்குறது நானு."

"உனக்குத் திட்டோட போச்சு. எனக்கு இடுப்பே போச்சு," என்றது பெஞ்சு. "மத்த நாள்ல வருவாங்க, குந்துவாங்க, எழுந்து போவாங்க. ஞாயித்துக்கெழம குந்தினா குந்தினதுதான்."

கடிகாரம் மட்டும் அலட்டிக்கொள்ளாது. அது எப்போதும் பின்தங்கித்தான் ஓடும். ரயிலே நேரத்துக்கு வராத ஊரில் தனக்கு மட்டும் என்ன அவசரம் என்பது அதன் கட்சி.

ஞாயிறுதோறும் அந்தப் பெஞ்சின் ஓரத்தில் வந்து உட்காருகிறவள் கன்னியம்மா. நகரத்தில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பட்டுச்சேலை விரித்துக் காட்டுகிற வேலை அவளுக்கு. வீட்டில் படிக்கிற பெண்கள் இரண்டு பேர், புருஷன் இல்லை. அந்தக் கடைக்கு ஞாயிறுதான் திருவிழா. அன்றைக்குப் பார்த்து அவள் தாமதமாகப் போய் நிற்பாள். கடை மேனேஜர் சுடலைமுத்து தெற்கத்திக்காரர், ஒரு தரம் பொறுப்பார், இரண்டு தரம் பொறுப்பார். அவள் மூன்றையும் தாண்டியாகிவிட்டது. ரயில் வரவில்லை என்று அவள் சொல்வதை அவர் நம்புவதையே நிறுத்திவிட்டார்.

அவளும் அவளைப்போல மாட்டிக்கொண்டு விழிக்கிறவர்களும் சேர்ந்து மனுமேல் மனு போட்டார்கள். கடைசியில் மேலிடம் மனம் இரங்கியது. வார இறுதி ரயில் சேவையை மேம்படுத்த ஒரு திட்டம் வந்திருக்கிறது, வருகிற ஞாயிறு ஓர் உயர் அதிகாரியே நேரில் வந்து பூவரசந்தாங்கலின் கூட்டத்தைக் கண்ணால் பார்த்து முடிவு செய்வார் என்று தகவல் வந்தது.

ஒலிபெருக்கிக்கு வந்த சந்தோஷத்தில், அன்று வந்த ரயிலையெல்லாம் கல்யாணத்துக்கு அழைப்பதுபோல அறிவித்தது.

அதிகாரி வருகிறார் என்றால் நம் ஊரில் ஒரு ஸ்டேஷனுக்கு என்னென்ன நடக்குமோ அத்தனையும் நடந்தது. பிளாட்பாரத்தைக் கழுவி, ஓரமாக பிளீச்சிங் பவுடரால் கோடு கிழித்தார்கள். எங்கிருந்தோ குரோட்டன்ஸ் தொட்டிகள் வந்து இறங்கின. கடிகாரத்தை இறக்கித் துடைத்துச் சரியான நேரம் வைத்தார்கள். பெஞ்சுக்குப் பளபளவென்று பச்சைப் பெயிண்ட் அடித்தார்கள். அந்தப் பெயிண்ட் அடித்ததிலிருந்து பெஞ்சு பேசும் தோரணையே மாறிவிட்டது.

ஞாயிறு காலை வந்தது. வழக்கம்போலப் பிளாட்பாரம் நிரம்பி வழிந்தது. கன்னியம்மா கடையில் கொடுத்த யூனிஃபார்ம் சேலையில், கையில் சாப்பாட்டுப் பையோடு நின்றாள். ஸ்டேஷன் மாஸ்டர் பலராமுலு அறையை விட்டு வெளியே வந்து பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் மேலதிகாரி என்ற வார்த்தையைக் கேட்டாலே அவருக்கு வியர்த்துவிடும். கழுவின தரை முழுக்கச் செருப்புத் தடம். பிளீச்சிங் கோட்டை ஒரு குழந்தை காலால் அழித்துக்கொண்டிருந்தது. உள்ளே ஓடி மைக்கை அழுத்தினார்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. உயர் அதிகாரி பார்வையிட வருவதால், பயணிகள் அனைவரும் சற்று நேரம் நிலையத்திற்கு வெளியே நிற்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

சொல்லி முடித்த பிறகுதான் ஒலிபெருக்கிக்கு உறைத்தது.

"யம்மா பெஞ்சு, அவரு கூட்டத்தப் பாக்கத்தானே வர்றாரு? கூட்டத்த வெளிய தள்ளிட்டா எதப் பாப்பாரு?"

"மொதல்ல பெயிண்டு காயட்டும்," என்றது பெஞ்சு. "எவனாச்சும் வந்து குந்திட்டா என் கதி என்னாவறது?"

"கடிகாரம், நீயாச்சும் சொல்லேன்."

"இன்னைக்கு நான் கரெக்டா ஓடுறேன். என்னைத் தொந்தரவு பண்ணாத," என்றது கடிகாரம்.

வாசலில் கயிறு கட்டிக் காவலுக்கு ஆள் போட்டுவிட்டார்கள். கன்னியம்மா கயிற்றைப் பிடித்துக்கொண்டு பலராமுலுவைக் கூப்பிட்டாள்.

"சார், இந்த வண்டிய வுட்டா அடுத்தது எப்பன்னு உங்களுக்கே தெரியும். இன்னிக்கும் லேட்டாப் போனா என்ன வேலைய வுட்டு நிறுத்திருவாங்க சார்."

"உங்க நல்லதுக்குத்தாம்மா இதெல்லாம்," என்றார் அவர், நெற்றியைத் துடைத்துக்கொண்டே. "ஐயா ஸ்டேஷன் நல்லாருக்குன்னு சொல்லிட்டாருன்னா வண்டி தானா வரும். கொஞ்சம் பொறுத்துக்க."

அதிகாரி பின்வாசல் வழியாக வந்தார். காலியான பிளாட்பாரத்தில் மெதுவாக நடந்தார். பெஞ்சைப் பார்த்துத் தலையாட்டினார். குரோட்டன்ஸைப் பார்த்துப் பெயர் கேட்டார். அவர் பாதி தூரம் நடக்கும்போது கன்னியம்மாவின் ரயில் வந்து நின்றது. ஐயா நடந்து முடிக்கட்டும் என்று காவலர்கள் கயிற்றை அவிழ்க்கவில்லை. ஒருவர்கூட ஏறாமல் ரயில் புறப்பட்டுப் போயிற்று. அதிகாரி அதைக் கடைசிப் பெட்டி மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த ஸ்டேஷன்லயா ஞாயித்துக்கிழமை கூட்டம் தாங்கலைன்னு மனு போட்டாங்க? ஈ காக்கா இல்லையே மிஸ்டர் பலராமுலு."

பலராமுலு மனசுக்குள் கணக்குப் போட்டார். வெளியே நிறுத்தியிருக்கிறேன் என்று சொன்னால், ஏன் நிறுத்தினாய் என்று கேட்பார். "ஆமாங்க சார்," என்றார்.

ஒலிபெருக்கிக்குப் பொறுக்கவில்லை. மைக் இல்லாமல் அதன் பேச்சு மனிதர் காதில் விழாது. இருந்தாலும் இருக்கிற தெம்பையெல்லாம் திரட்டி உண்மையைச் சொல்லப் பார்த்தது. கொர்ர் என்று ஒரு சத்தம்தான் வந்தது.

அதிகாரி அண்ணாந்து பார்த்தார். "கரகரங்குதே. இதை முதல்ல கவனிங்க. பயணிகளுக்கு அறிவிப்பு தெளிவா கேக்கணும், அதுதான் சேவை."

முன்வாசல் வழியாக வெளியே வந்தவர் கயிற்றுக்குப் பின்னால் திமிறிக்கொண்டிருந்த கூட்டத்தைக் கண்டு நின்றார். "யாரு இவங்கல்லாம்?"

"ஐயா வர்றீங்கன்னு கேள்விப்பட்டு... பாக்கறதுக்கு வந்திருக்காங்க சார்."

அதிகாரியின் முகம் மலர்ந்தது. இரண்டு கைகளையும் கூப்பினார். "சார், வண்டி போயிடுச்சு சார்," என்று கூட்டத்தில் நாலைந்து பேர் கத்தினார்கள். அதற்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு அவர் காரில் ஏறினார்.

இதைப் பார்த்துக்கொண்டு தொங்குவதைவிடத் துருப்பிடித்து விழுந்துவிடலாம் என்று ஒலிபெருக்கிக்குத் தோன்றியது. அன்று கன்னியம்மா கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சிவேளை. சுடலைமுத்து அண்ணாச்சி கத்தவில்லை. அடுத்த ஞாயிறு முகூர்த்தக் கூட்டம், அன்றைக்குக் கடை திறக்கும்போது அவள் நிற்கவில்லை என்றால் யூனிஃபார்ம் சேலையைத் துவைத்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போய்விடலாம் என்று மட்டும் சொன்னார்.

அந்த வாரமே ஒலிபெருக்கிக்குப் புது வயர் மாற்றினார்கள், புது ஆம்ப்ளிஃபயர் வைத்தார்கள். பூவரசந்தாங்கலுக்கு வந்த மேம்பாடு அதுதான். கரகரப்பு போய், குரல் மணிமணியாக ஆகிவிட்டது. ரயிலைக் கேட்டவர்களுக்குக் குரலைக் கொடுத்திருக்கிறார்களே என்று அது நொந்துகொண்டது.

அடுத்த ஞாயிறு. கன்னியம்மா எப்போதும் போகும் ரயிலை நம்பாமல் அதற்கு முந்தின ரயிலுக்கே வந்துவிட்டாள். கயிறு இல்லை, காவல் இல்லை, பிளாட்பாரத்தில் நிற்க இடமில்லை. பெஞ்சின்மேல் ஐந்து பேர் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள், பச்சைப் பெயிண்ட் அதற்குள் உரியத் தொடங்கியிருந்தது. தூரத்தில் ரயில் தெரிந்ததும் எல்லாரும் பையைத் தூக்கிக்கொண்டார்கள். அது வந்தது. வேகம் குறைக்காமல், ஊதிக்கொண்டே, எல்லார் முகத்திலும் புழுதியை அடித்துவிட்டுப் போயே போய்விட்டது.

பலராமுலுவின் மேஜைக்கு அப்போதுதான் உத்தரவு வந்திருந்தது. அதைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு மைக்கை அழுத்தினார்.

"இதைச் சொல்ல மாட்டேன்," என்றது ஒலிபெருக்கி. "கண்ணெதிர இத்தன பேர வச்சுக்கிட்டு எப்படிச் சொல்றது?"

"நீ சொல்லலன்னாலும் புது வயரு சொல்லிடும்," என்றது பெஞ்சு. அதற்கும் குரல் கம்மியிருந்தது.

அப்படியேதான் ஆயிற்று. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. வார இறுதி ரயில் சேவையை மேம்படுத்தி வேகத்தைக் கூட்டும் பொருட்டு, பயணிகள் யாரும் இல்லாத பூவரசந்தாங்கல் நிலையத்தில் ஞாயிறு காலை ரயில்கள் இனி நிற்காமல் செல்லும்."

கூட்டத்தில் ஆளாளுக்கு ஸ்டேஷன் மாஸ்டர் அறையைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தார்கள். கன்னியம்மா கத்தவில்லை. கடைக்குப் போன் போட்டாள்.

"அண்ணாச்சி, நான் கன்னியம்மா. ஸ்டேஷன்லதான் நிக்கறேன். வெள்ளனவே வந்துட்டேன். வண்டி நிக்காமப் போய்டுச்சு அண்ணாச்சி."

"வாரத்துக்கு ஒரு கதையால்லா சொல்லுத."

"பொய் சொல்லல அண்ணாச்சி. மைக்குல சொல்றாங்க, நீங்களே கேளுங்க."

அவள் போனை ஒலிபெருக்கிக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். கரகரத்துப் போய்விட வேண்டும், ஒரு வார்த்தையும் விளங்கக் கூடாது என்று ஒலிபெருக்கி தவித்தது. அறிவிப்பு இரண்டாவது முறையாக, எழுத்து எழுத்தாக, தெளிவாக ஒலித்தது.

கன்னியம்மா போனைக் காதில் வைத்தாள்.

"பயணிகளே இல்லன்னுல்லா அவன் சொல்லுதான்," என்றார் சுடலைமுத்து. "அப்ப நீ எங்க நின்னு பேசுத?"